பின்பக்க ஷட்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். படிக்க வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து, பாதி ஊரைச் சுவரில் மோதாமல் காப்பாற்றியவள். வாய் கொஞ்சம் நீளம்.

தங்கை மெட்ரோ ரயிலில் வேலைக்குப் போய்வந்தாள். சுரங்க நிலையத்தில் குண்டு வெடித்த காலையில் அவள் நடைமேடையின் கடைசியில் நின்றிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. புகை சூழ்ந்ததும் மற்றவர்களோடு பின்பக்கப் படிக்கட்டில் ஏறி ஓடினாள். மேலே இரும்பு ஷட்டர், பூட்டியிருந்தது. அங்கிருந்துதான் போன் செய்தாள்.

“அக்கா, இந்தப் பக்கம் பூட்டியிருக்கு. யார்கிட்டயாவது சொல்லேன்.”

அக்கா காரை ஓரங்கட்டி, கிடைத்த எண்ணுக்கெல்லாம் அடித்தாள். எடுத்தவர்கள் வேறு எண் கொடுத்தார்கள். மறுபடி தங்கைக்கு அடித்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. புகையில் மூச்சடைத்து ஷட்டரடியில் செத்துக் கிடந்தவர்களில் அவளும் ஒருத்தி.

குண்டு வைத்த இருவரும் பிடிபட்டார்கள். தீர்ப்பு நாளில் ஒருவன் கூண்டில் நின்று கொட்டாவி விட்டான். அக்கா எழுந்துபோய் அவனை அறையப் பார்த்தாள். தங்கை புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஷட்டரைப் பூட்டியவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

விசாரணைக் குழு கேட்டபோது நிலைய அதிகாரி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: “ஒரே வாசல் இருந்தாத்தான் எல்லார் பையையும் சோதிக்க முடியும். பாதுகாப்புக்காகத்தான் பூட்டினோம்.”

இவள் எழுந்தாள். “குண்டு வச்சவனுங்க உங்க முன்வாசல் வழியாத்தானே சார் போனானுங்க? பையைப் பார்த்தீங்களா?”

“கூட்ட நேரம்மா.”

“அவனுங்க கொல்ல வந்தவனுங்க. நீங்க காப்பாத்தச் சம்பளம் வாங்குறவங்க.”

உட்காரச் சொன்னார்கள். பிறகு நிலையத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் திறந்தார்கள். இறந்தவர்களுக்குப் பளிங்குப் பலகை பதித்தார்கள். ஷட்டரில் முன்னைவிடப் பெரிய பூட்டு தொங்கியது.

அதைப் பார்த்த மறுநாளே டிக்கெட் வாங்கி உள்ளே போய், ஷட்டரை ஒட்டிப் படியில் உட்கார்ந்தாள். காவலர் வந்தார்.

“ஏம்மா, இது வழி இல்ல.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

தினமும் காலையில் உட்கார்ந்தாள். பைத்தியம் என்றார்கள் சிலர். அப்புறம் அவளிடம் கார் கற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஊன்றுகோலோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, யார் யாரோ சேர்ந்தார்கள். ஒரு காலையில் படிக்கட்டே நிரம்பிவிட்டது. முன்வாசல் வழியாகப் போக எல்லாரும் மறுத்தார்கள்.

அதிகாரி ஓடிவந்தார். “கலைஞ்சு போங்க. நெரிசல்ல யாராவது விழுந்துடப் போறாங்க.”

“இப்பத் தெரியுதா? திறங்க.”

அவர் சாவி கேட்டு ஆளனுப்பினார். போனவன் வெறுங்கையோடு வந்தான். பூட்டு மாற்றிய நாளிலிருந்தே சாவி எங்கே என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னொரு முறை புகை வந்திருந்தாலும் இதே கதிதான். அதைக் கேட்டதும் அவள் அதிகாரியின் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள். கடைசியில் பூட்டை அறுத்தார்கள்.

இப்போது அங்கே உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு இருக்கிறது.

“போதும்க்கா, உடம்பைப் பார்த்துக்கோங்க” என்றான் தங்கை புருஷன்.

“அடுத்த ஸ்டேஷன்ல இன்னும் பூட்டுதான் மாப்பிள்ளை” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.