கோயிலில் என்னைக் கண்ட அன்ரி

"பிள்ளை, நீங்கள் ஊரில எவடம்?"

அன்ரியின் இந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. ஊரில் எந்த இடம் என்பது, எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதலில் கேட்கிற கேள்விதான். ஆனால் நாங்கள் இருந்தது, ஊரை விட்டு வெகுதூரத்தில், டண்டினொங் பக்கத்து மருத்துவமனை ஒன்றில். அன்ரி சத்திரசிகிச்சைக்குத் தயாராகக் கட்டிலில் கிடந்தார். நான் மொழிபெயர்ப்பாளர், சொந்தக் கதை பேசக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் கேட்டிருந்ததோ வேறு: "இந்தக் குளிசைகளைத் தவிர வேறு ஏதாவது எடுக்கிறீர்களா?"

அன்ரி கேட்டதை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று அன்ரியிடம் சொன்னேன்.

"பாருங்கோவன், கதைக்க வந்த பிள்ளை வாயைப் பூட்டிக்கொண்டெல்லே நிக்குது." சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "உங்களைக் கோயில்ல கண்டிருக்கிறன். அம்மாவோட வாறனீங்கள், என்ன?"

அதையும் மொழிபெயர்த்தேன். வைத்தியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முன்பு கேட்டதையே மறுபடி கேட்டார்.

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "ஒண்டுமில்லை."

அதை அப்படியே சொன்னேன். அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மயக்க மருந்தோடு சேராத எதையாவது அவர் மறைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மறைக்கவில்லை என்றால் நான் வீணாகக் குழப்புகிறேன். தாதி கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தார்.

"ஒரு நிமிஷம்!" தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது. "இவருக்கு என்னைத் தெரியும் போலிருக்கிறது. தொலைபேசியில் வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்கலாமா?"

அன்ரிக்கும் அதைத் தமிழில் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உள்ளே எல்லோரும் காத்திருக்கிறார்கள்," என்று முணுமுணுத்தபடியே வைத்தியர் எண்களை அழுத்தினார். காத்திருப்பு இசை முடிகிற பாடாயில்லை. ஒருவழியாக ஒரு பெண் குரல்: "வணக்கம்மா, சிட்னிலேருந்து பேசுறேன். சொல்லுங்க."

"ஓ, இந்தியாத் தமிழே!" நிம்மதியில் அன்ரியின் தோள்கள் தளர்ந்தன. "அப்ப நீங்கள் எங்கட கோயிலுக்கு வரமாட்டியள்."

நான் விலகி, குரல் கேட்காத தூரத்துக்கு, கோப்பி இயந்திரம் வரை நடந்தேன். கோப்பி வாங்கினேன், குடிக்கவில்லை.

வைத்தியர் வெளியே வந்தார். "இன்றைக்குச் செய்யப் போவதில்லை. நல்லவேளை, நிறுத்தினாய்." காரணத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உடை மாற்றிக்கொண்டு வந்த அன்ரி என்னருகே நின்றார். "பிள்ளை, அம்மாவிட்ட..."

"நான் உங்களைக் காணவேயில்லை, அன்ரி."

"கெட்டிக்காரி. போட்டு வாறன்."

நேரே, மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்யும் முன்பதிவுப் பொறுப்பாளரிடம் ஓடினேன். மொழிபெயர்ப்பாளர் நேரில் வேண்டுமா, தொலைபேசியில் தூரத்துக் குரல் போதுமா என்று நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டால் என்ன? "கேட்கலாம். தமிழில் யார் கேட்பது?" என்றார் அவர். நான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். என் குரலைத்தான் பாதிக் கோயிலுக்குத் தெரியுமே!

நகரின் மறுகோடியில், பொயிண்ட் குக்கில் இருக்கும் தமிழ்நாட்டுத் தோழி ஒருத்தி அந்தக் கேள்வியைத் தன் குரலில் பதிவுசெய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்தப் பதிவோடு திங்கட்கிழமை அந்தப் பொறுப்பாளரின் மேசைக்குப் போகிறேன். ஒரு வாரமாவது நோயாளிகளுக்கு அதைப் போட்டுக் காட்டிப் பாருங்கள் என்று கேட்கப்போகிறேன்.