அக்கா சிரித்ததால் அல்ல

என் அக்கா புருஷனின் முதுகைக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன். அடிக்கவில்லை, தள்ளவில்லை. இரண்டு பெல்ட்டுகளில் எதைக் கட்டிக்கொள்வது என்று அவர் என்னிடம் கேட்டார். நான் தவறானதைச் சொன்னேன்.

இவ்வளவுதானா என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நல்ல பெயர் வாங்க இதை எழுதவில்லை. என்மேல் பரிதாபப்படவும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் பாச்சாங்கில் இருந்தோம். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஓய்வு நாள்களில் தஞ்சோங் கிளிங் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குப் போய்விடுவேன். அங்கே விண்ட்சர்ஃபிங் பலகைகளைக் கழுவி, பாய்களைச் சுருட்டி வைக்கும் எடுபிடி வேலை. பாய் கட்டிய பலகைமேல் நின்று, காற்றைப் பிடித்துக் கடலில் ஓடுகிற விளையாட்டு. வேலை முடிந்ததும் என்னையும் இறங்க விடுவார்கள். எனக்குத் தெரிந்த நம் ஆள்களில் அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது!

அப்போதுதான் பாலன் மச்சான் வந்து சேர்ந்தார்.

மெர்லிமாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் லாரியில் பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் குலை தூக்க முடியாது என்று ஆனபின், அக்காவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இராத்திரி தைலத்தை எடுத்துக்கொண்டு நான்தான் தேய்த்துவிடுவேன். எந்த இடத்தில் தொட்டால் அவர் பல்லைக் கடிப்பார் என்று அக்காவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

முதுகு கொஞ்சம் தேறியதும் அவரைக் கடலுக்கு அழைத்துப் போனவனும் நான்தான். பலகையில் ஏற்றிவிட்டேன். பாயைத் தூக்கக் கற்றுக்கொடுத்தேன். விழுந்தபோதெல்லாம் சிரித்தேன். சில மாதங்கள்தான்... பிறகு அவர் விழவில்லை. குலை தூக்கிய கைகள் அல்லவா? நான் திணறும் காற்றில் அவர் சும்மா நின்றுகொண்டு போனார். கரையில் நிற்கும் வெள்ளைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்கள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

எரிச்சலாக இருந்தது என்று எழுதினால் பொய். நான் அவரை வெறுத்தேன். சோற்றில் கை வைக்கும்போது வெறுத்தேன், அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது வெறுத்தேன். "எல்லாம் குணா சொல்லிக்குடுத்ததுதான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அதற்காக இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

ஹோட்டலில் கடல் விளையாட்டுக்கெல்லாம் பொறுப்பாளர் என்சிக் ரஹிம். மலாயில் என்சிக் என்றால் ஐயா மாதிரி. வருஷக் கடைசியில் வடகிழக்குக் காற்று கிளம்பியதும் ஒரு நெடுந்தூரப் பந்தயம் வைப்பதாகச் சொன்னார். எங்கள் இருவரில் முன்னால் வருகிறவனுக்கு அங்கேயே நிரந்தர வேலை, தங்குவதற்கு வீடும் உண்டு. அக்கா அந்த வீட்டுக்குத் திரைச்சீலைத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டாள். யார் முன்னால் வருவார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

இனி அந்தப் பெல்ட். ஹார்னஸ் என்பார்கள். நெடுந்தூரம் போனால் பாயைப் பிடித்துப் பிடித்துக் கை செத்துவிடும். பெல்ட்டின் முன்பக்கத்தில் ஒரு கொக்கி. அதை, பாயைப் பிடிக்கும் குழாயில் தொங்கும் கயிற்றில் மாட்டிவிட்டால், கைக்குப் பதிலாக உடம்பு காற்றின் இழுப்பைத் தாங்கும். இரண்டு வகை இருந்தன. ஒன்றை இடுப்பில் கட்டவேண்டும். இன்னொன்று காற்சட்டை போல. பிட்டத்தைத் தாங்கி, தொடைகளைச் சுற்றி வார் போட்டு இறுக்க வேண்டும். ரஹிம் இரண்டையும் வாங்கி வந்தார்.

அவர் என்னைத் தனியே அழைத்து மலாய்மொழியில் விளக்கிச் சொன்னார். இடுப்பில் கட்டுவது சுளுவானது, ஆனால் இழுப்பு முழுவதும் கீழ் முதுகில் விழும். உட்காரும் வகையில் பாரம் இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் இறங்கிவிடும். முதுகு சரியில்லாதவர்களுக்கு அதுதான் நல்லது. "உன் அபாங் அடிக்கடி முதுகைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு நீயே சொல்லிவிடு" என்றார். அபாங் என்றால் அண்ணன்; மச்சானைத்தான் அப்படிச் சொன்னார்.

சொல்கிறேன் என்றேன்.

அன்று ஞாயிறு. அக்கா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்திருந்தாள். மச்சான் தானாகவே அந்தக் காற்சட்டை வகையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகியது. அந்த முகத்தை நான் பார்த்தேன்... பார்த்துவிட்டுத்தான் கத்தினேன்.

"மச்சான்! கோவணத்த கட்டிகிட்டு எங்க கெளம்பிட்டீங்க? கொளத்துல குளிக்கவா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மச்சானும் சிரித்தார். அவர் அதைக் கழற்றவில்லை! கேலிக்குக் கழற்றுகிற ஆளில்லை அவர். கொட்டகைக்குப் பின்னால் நான் இருந்த இடத்துக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"குணா, கிண்டல விடுலா. எது போட்டா நல்லதுடா எனக்கு? இது முதுகுக்கு சொகமா இருக்கு."

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை நான் இதற்குச் செலவழித்தேன்:

"இப்ப சொகமாத்தான் இருக்கும். காத்து அடிக்கிறப்பதான் தெரியும். லோரில குலை ஏத்துறப்ப துண்ட எங்க கட்டுவீங்க மச்சான்? இடுப்புலதான? தொடையிலயா கட்டுனீங்க?"

அவர் யோசித்தார். தோட்டத்தில் பாரம் தூக்குகிறவர்கள் முதுகுக்காக இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவார்கள். அவரும் கட்டியவர். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை எடுத்துத்தான் அவரை ஏமாற்றினேன்.

"அதுவும் சரிதான்டா" என்றார். வார்களை அவிழ்த்தார். இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

பந்தயத்தன்று நல்ல காற்று. அவர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பு அவர் உடம்பு ஒரு பக்கமாகக் கோணுவதைக் கண்டேன். கொக்கியைக் கழற்றி நிமிர வேண்டும். அவரால் நிமிர முடியவில்லை. அடுத்த காற்று அவரைப் பாயோடு சேர்த்துத் தூக்கி அடித்தது. நான் அவரைத் தாண்டும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். கையைத் தூக்கினார்.

நான் நிற்கவில்லை. பின்னால் காவல் படகு வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படகு வரத்தான் செய்தது... நான் நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஜெயித்துக் கரையேறினேன்!

முதுகில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது காலுக்கு மட்டும் பழைய பலம் திரும்பவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். வேலையும் வீடும் எனக்குக் கிடைத்தன. புக்கிட் ரம்பாயில் நான் விட்டுவந்த இடத்தில், அதே மெஷினில், அக்கா நின்றாள்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் செய்த அசிங்கத்தில் இது பாதிதான்.

மருத்துவமனை வாசலில் ரஹிம் என்னைப் பிடித்துக்கொண்டார். நீ அவரிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்றேன். மனைவி எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டாள், அந்த வெட்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டார் என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? அந்த நல்ல மனிதர் வருத்தம் தாளாமல் அதை அக்காவிடமே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா தான்தான் குற்றவாளி என்று நம்புகிறாள். வாய்விட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். தொலைக்காட்சியில் எதற்காவது எல்லாரும் சிரித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மச்சானுக்கு உண்மை தெரியும். கொட்டகைக்குப் பின்னால் இருந்தது நானும் அவரும்தானே? "பெல்ட்ட நானாத்தான் எடுத்தேன்" என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன்? அக்காவுக்கு இருக்கும் ஒரே தம்பியை அவளுக்கு மிச்சம் வைக்கிறாரா? அல்லது நான் வேண்டுமென்றே சொன்னேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா? கேட்க எனக்குத் துணிவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் அவரை வெறுப்பதற்காவது ஒரு நியாயம் இருந்திருக்கும். அதையும் அவர் தரவில்லை, பாவி மனிதர்!

சில வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு, எனக்குக் கல்யாணமான புதிதில், என் மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மச்சான் காலை இழுத்துக்கொண்டு வந்து பலகாரத் தட்டை வைத்தபோது, எப்படி ஆனது என்று கேட்டுவிட்டாள்.

அக்காதான் பதில் சொன்னாள். "எல்லாம் என்னாலதாம்மா. நல்ல பெல்ட்டதான் போட்டுகிட்டு வந்தாரு. நா சிரிச்சேன். அதான் கழட்டிட்டாரு."

"சும்மா இருலா தேவி. நானாத்தான் எடுத்தேன்" என்றார் மச்சான். என்னைப் பார்க்கவில்லை.

"சிரிச்சதுக்கெல்லாம் யாருக்கா பொறுப்பு? மனச போட்டு கொழப்பாதீங்க" என்றாள் என் மனைவி.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா குணா. நீ அங்கதான இருந்த? நா சிரிக்காம இருந்திருந்தா அவரு கழட்டியிருப்பாரா?"

இவ்வளவு நேராக என்னை யாரும் கேட்டதில்லை. மச்சான் எதிரில் இருக்கிறார். மனைவி பக்கத்தில் இருக்கிறாள். கழட்டியிருப்பாருக்கா என்று ஒரு சொல் சொன்னால் போதும். மிச்சம் தானே வெளியே வந்துவிடும்.

"இல்லக்கா. நீ சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

மச்சான் எழுந்து உள்ளே போனார். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இப்போதும் சில நேரம் அப்படிப் பார்க்கிறாள். கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து, முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் என்னைய சமாதானந்தான் பண்றாங்கடா. நீ ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா உண்மைய சொன்ன. நல்லா இருடா" என்றாள்.

சரிக்கா என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.