கொய்னா ஊசியும் சம்பந்தியம்மாவும்

என் மகளை ஒரு முக்காலிமேல் ஏற்றி நிறுத்தி, நீலப் பென்சிலால் அவள் கெண்டைக்காலில் டாக்டர் கோடு போட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் முட்டிக்குக் கீழே நரம்புகள் புடைத்துச் சுருண்டுவிட்டன. கணுக்காலுக்கு மேலே வந்த புண் ஆறவேயில்லை. படுத்தால் நரம்பு அடங்கிவிடும், ஊசிக்கு அகப்படாது என்பதால் நிற்கும்போதே அடையாளம் வைத்தார். மலாயாவின் ஜோகூர் பாருவில் அப்போது இந்த வைத்தியம் புதிது.

மருந்து வேறொன்றுமில்லை, ரப்பர் தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிறார்களே, அதே கொய்னா, இன்னொரு மருந்தோடு கலந்தது. அது நரம்பின் உட்சுவரைப் புண்படுத்துமாம். இரத்தம் உறைந்து, வழி அடைபட்டு, நரம்பு கயிறுபோல் இறுகிப் பிறகு சுருங்கிவிடுமாம். நோயுள்ள இடத்தைக் குணமாக்காமல் மூடியே விடுகிற வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரத்த ஓட்டம் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனாலும் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர வாய் திறக்கவில்லை.

ஊசி போட்டுத் துணியை இறுகச் சுற்றிய கையோடு டாக்டர், "சரி பிள்ளை, இப்ப எழும்பி நடவுங்கோ" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். படுத்தே கிடக்கக் கூடாது, காலைத் தேய்க்கவே கூடாது என்றார். தேய்த்தால் உறைந்த இரத்தம் பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்குப் போகலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். போனால் உயிருக்கே ஆபத்து என்றார்.

மறுநாள் கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சம்பந்தியம்மா வந்தார். மருமகள்மேல் உயிர். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்த கை, ஊரைக் கூட்டும் குரல். செய்தி கேட்டதும், "கொய்னாவக் குடிச்சாலே குடலு கசக்கும். அதப் போயி கால்ல ஊத்துனானா? ஊத்திட்டு நடன்னானா? அவன் டாக்டரா, மண்டோரா?" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு விரட்டும் மேற்பார்வைக்காரர்; எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பியபோது மகள் பாயில் கிடந்தாள். காலுக்கடியில் தலையணை. சுற்றிய துணி அவிழ்ந்து சுருண்டிருந்தது. பக்கத்தில் சூடான எண்ணெய்க் கிண்ணம். நரம்பு கயிறாகக் கட்டியிருந்த இடத்தில் எண்ணெய் மினுமினுக்க, சம்பந்தியம்மாவின் கட்டைவிரல் கணுக்காலில் ஊன்றி மேல்நோக்கி உருவத் தயாராக இருந்தது.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேணாங்க சம்பந்தி! செத்துப் போயிடுவா!"

"கையை விடுங்க டீச்சரம்மா. உள்ளாற கட்டியிருக்கு, உருவுனா கரைஞ்சிடும்."

"அது கரையக் கூடாதுங்க!"

"ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க, காலை எங்க வைக்கிறதுன்னு" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவ மாமனாருக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆசுபத்திரியில மருந்து குடுக்குற டிரெசரு தொட்டுப் பாத்திட்டு, ஒண்ணுமில்ல, எந்திரிச்சு நடன்னாரு. மண்டோரு வந்து வேலைக்கு ஓட்டிட்டுப் போனாரு. பொழுது சாய தூக்கிட்டு வந்தாங்க. சீக்காளிய நடக்கச் சொல்றவன் எவனா இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்."

நான் பயந்தது மருந்தறியாத கைக்கு. அவர் பயந்தது 'நட' என்ற அந்த ஒரு சொல்லுக்கு. மகளோடு அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ சம்பந்தியம்மாவின் விரலை எடுத்து, அழுத்தாமல், அந்தக் கயிற்றின்மேல் வைத்தார். "இது தானா வந்த கட்டி இல்லை அம்மா. நாங்கள் வேணுமெண்டே அடைச்சது."

"அடைச்சா? அப்ப அதுல போன ரத்தம் இனிமே எங்க போவும்?"

நான் கேட்க வெட்கப்பட்ட கேள்வி அது. டாக்டர் முகம் மலர்ந்தது. தோட்டத்தில் தண்ணீர் ஓடும் ஒரு கானை, அதாவது வடிகாலை, மண் போட்டு மூடினால் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்டார். "பக்கத்துக் கானுல திரும்பிடும்" என்றார் சம்பந்தியம்மா உடனே. ஆழத்தில் நல்ல நரம்புகள் இருக்கின்றன, நடக்கும்போது கெண்டைச்சதை பிழிந்து பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது, படுத்துவிட்டால் அது நின்றுவிடும் என்றார் டாக்டர். சம்பந்தியம்மா தன் காலையே நீட்டி மடக்கிச் சதையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, நடக்கட்டும். ஆனா எவனும் இவள ஓட்டக் கூடாது. கூட நான் போறேன்."

அன்று முதல் மாலைதோறும் இருவரும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். நான் குழந்தைகளோடு பின்னால் போவேன். புண் ஆறிற்று, நரம்பு சுருங்கி, பழுப்புக் கோடு மட்டும் தங்கியது. இன்றும் அவள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் போதும், அந்தக் கட்டைவிரல் கண்முன் வருகிறது. ஆனால் சம்பந்தியம்மாவை நினைத்தால் வருவது வேறு. மகள் களைத்து மதில்மேல் உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்துவிடுவார். நேரமாகிறது என்று நான் முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். எழுந்திரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நன்றாக இருட்டிய பிறகு, மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"போலாமா ஆயி? இன்னும் கொஞ்சம் உக்காரலாமா?"