படலையில் திருத்திய சொல்

பெர்னடெட் ரீச்சருக்குப் பிழையான சொல் ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதைத் திருத்தாமல் இருக்க முடியாது. மீன்காரி விலையைக் கூட்டிச் சொன்னால்கூடப் பேசாமல் வாங்கிவிடுவார். அதே மீன்காரி "நேற்று வருவன்" என்று வாய் தவறிச் சொன்னால் விடமாட்டார். "நேற்று எப்படி வருவாய்?" என்று நிறுத்திவைத்துக் கேட்பார். கடலுக்குப் போன கணவர் பேதுரு திரும்பி வரவில்லை. மிஞ்சியது ஒரே மகன் கிறகோரியும் இந்தத் திருத்துகிற குணமும்தான்.

குருநகரில் ஒரு பாடசாலையில் மனையியல் படிப்பித்தவர். அதோடு யாருக்கும் வேண்டாத ஒரு வேலையையும் அதிபர் அவர் தலையில் கட்டியிருந்தார். சாதாரண தரப் பரீட்சையில் மரவேலையும் உலோகவேலையும் நன்றாகச் செய்து, மற்றப் பாடங்களில் சறுக்கிவிட்ட பிள்ளைகளைக் கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எங்கள் ஊரைத் தெரியும்தானே! டொக்டரும் எஞ்சினியரும் ஆகாதவன் பிறந்ததே வீண் என்று நினைக்கிற ஊர். மோட்டர் திருத்துகிறவனுக்குக் கதிரை கொடுக்க யோசிக்கும். தன்னுடைய மோட்டர் நின்றுபோனால் மட்டும் அவன் வாசலில் தவம் கிடக்கும். இந்த ஊரோடுதான் ரீச்சர் மல்லுக்கட்டினார். வீடு வீடாகப் போய், தேத்தண்ணி குடித்து, தகப்பன்மாரைக் கரைத்து, பிள்ளைகளை அனுப்பிவைத்தார்.

எண்பத்துநாலில் சொந்த மகனுக்கே அங்கே இடம் கிடைத்தது. மோட்டர் திருத்தும் பயிற்சி. ரீச்சருக்குக் கால் நிலத்தில் படவில்லை. முதல்நாள் காலையில் சட்டைக்கு அயர்ன் போட்டு, புட்டும் மீன்பொரியலும் வாழையிலையில் கட்டி, மாதா படத்தின் முன் நின்று நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். பெடியன் சைக்கிளை வேலி வாசல் படலைவரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தான்.

"போறன் அம்மா."

யாழ்ப்பாணத்தில் படலை தாண்டுகிற எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். செத்தவீட்டில்தான் சொல்லாமல் போவது. மற்ற எல்லா வீட்டிலும் போய்விட்டு வருகிறேன் என்கிற 'போட்டு வாறன்'தான். ரீச்சருக்குச் சுருக்கென்றது.

"நல்லநாளும் அதுவுமாய்ப் போறன் எண்டு சொல்லுறதே? போட்டு வாறன் எண்டு சொல்லு."

கிறகோரி கொஞ்சநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே வந்து பார்த்தால் புட்டுப் பார்சல் மேசையிலேயே கிடந்தது. மறதிக்காரப் பிள்ளை என்று ரீச்சர் அலுத்துக்கொண்டார்.

அவன் கல்லூரிக்குப் போகவில்லை. சில நாள் கழித்து யாரோ சைக்கிளை மட்டும் கொண்டுவந்து வேலியோடு சாத்திவிட்டுப் போனார்கள். இயக்கத்துக்குப் போய்விட்டான், ஆயுதப் பயிற்சிக்கு வள்ளத்தில் இந்தியாவுக்கு ஏறிவிட்டான் என்று ஊர் சொன்னது. எந்த இயக்கம் என்றுகூட ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு பல பேருடைய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சில பேருடைய பிள்ளைகளின் அஞ்சலிப் படங்கள் மதில்களில் ஒட்டப்பட்டன. கிறகோரி வரவும் இல்லை, மதிலில் ஒட்டப்படவும் இல்லை.

ரீச்சர் அழுதார்தான். ஆனால் பிடிவாதமான ஒரு நம்பிக்கையும் அவரிடம் இருந்தது. "சொல்லிப்போட்டுத்தானே போனவன், வருவான்" என்பார். மகன் வாயால் சொன்ன அந்த இரண்டு சொல்லையும் செபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார். படலைக்குக் கொளுக்கி போடுவதை நிறுத்தினார். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் குருநகர் வீடு உடைந்து, கோப்பாயில் ஒரு வளவுக்கு இடம்பெயர்ந்தபோதும், மிஞ்சிய சுவரில் கரிக்கட்டியால் 'கிறகோரி, அம்மா கோப்பாயில்' என்று எழுதிவிட்டுத்தான் வந்தார். மழை பெய்தால், எழுத்து அழிந்திருக்குமே என்று இருப்புக்கொள்ளாது. திரும்பவும் கரியால் கறுப்பாக்கிவிட்டு வர அந்தப் பக்கம் போவார்.

மகன் போனபிறகு ஒரு பிள்ளையையும் அவர் தனியே கல்லூரிக்கு அனுப்பவில்லை. முதல்நாள் கூடவே போய், வாசலுக்குள் அது நுழைவதைக் கண்ணால் கண்டு, எதிரே வேப்பமரத்தின் கீழ் பின்னேரம்வரை இருப்பார். ரீச்சருக்கும் அங்கே இடம் கிடைத்துவிட்டது என்று ஊர் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளைகள் எல்லாரும் அழகாக 'போட்டு வாறன் ரீச்சர்' என்றார்கள். பயிற்சி முடித்துக் கொழும்பு, கனடா என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

தொண்ணூற்றிரண்டில் அற்புதராணியின் முறை வந்தது. அவளும் குருநகரிலிருந்து கோப்பாய்க்கு வந்த குடும்பத்துப் பெட்டை. அடிமட்டம் இல்லாமலே நேர்கோடு கீறுவாள். படவரைஞர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் எடுத்துக் கொடுக்க ரீச்சர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தகப்பன் செல்வரட்ணம் நேவித் தடையால் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த மனுசன். படம் கீறி என்னத்தைச் சாப்பிடுகிறது என்று கேட்டார். கடலை நம்பி நீங்கள் இப்போது என்னத்தைச் சாப்பிடுகிறீர்கள் என்று ரீச்சர் திருப்பிக் கேட்டார். மனுசன் சம்மதித்தார்.

பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலம். இரண்டு பேரும் சைக்கிளில்தான் போனார்கள். வழியெல்லாம் ரீச்சர் பேசிக்கொண்டே மிதித்தார். அற்புதராணி ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்லூரி வாசலில் இறங்கி, ரீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போறன் ரீச்சர்."

ரீச்சருக்கு வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது. "போட்டு வாறன் எண்டு..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் வேறொரு முகம் வந்து நின்றது. படலையடியில் கொஞ்சநேரம் பேசாமல் நின்ற முகம். அந்தப் பிள்ளை உண்மையைத்தானே சொன்னவன்! தாயிடம் பொய் சொல்ல மனமில்லாமல், போறன் என்று உள்ளதைச் சொன்னவன். அதைப் பிழை என்று திருத்தி, பொய்யைச் சொல்லிக் கொடுத்து அனுப்பியவர் யார்? இத்தனை வருசம் மகனுடைய வாக்கு என்று உருட்டிய செபமாலை அவருடைய சொந்த வாயிலிருந்து வந்தது. ரீச்சர் சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கை போறாய் பிள்ளை?" என்று கேட்டார்.

அற்புதராணி நிலத்தைப் பார்த்தாள். "சந்தியிலை ரண்டு பேர் எனக்காண்டி நிக்கினம்" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள்.

யார், எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருசங்களில் சந்தியில் நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ரீச்சர் அவளைக் கையில் பிடித்து இழுக்கவில்லை, தகப்பனைச் சொல்லி வெருட்டவும் இல்லை.

"என்ரை பிள்ளையும் போறன் எண்டுதான் சொன்னவன். எங்கை எண்டு நான் கேக்கேல்லை. சொல்லைத் திருத்திப்போட்டு விட்டிட்டன்" என்றார். "நீ போறதெண்டால் போ. ஆனால் போட்டு வாறன் எண்டு மட்டும் எனக்குச் சொல்லிப்போடாதை. இன்னொராளுக்காண்டிப் படலையைத் திறந்து வைச்சுக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

அற்புதராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி கல்லூரி வாசலுக்குள் போனாள். போறன் என்றும் சொல்லவில்லை, போட்டு வாறன் என்றும் சொல்லவில்லை.

ரீச்சர் வேப்பமரத்தின் கீழ் இருந்தார். கல்லூரிக்குப் பின்பக்கமும் ஒரு வழி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எழும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தார். ஆனால் எழும்பவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவும் இல்லை. கிறகோரி இருந்தால் இப்போது அவனுக்கு என்ன வயது, மீசை வைத்திருப்பானா, தகப்பனைப்போல முன்தலை வழுக்கையாய் வெளித்திருக்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவனுடைய குரல் எப்படி என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோவதை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கும்பல் கலைந்து, வாசல் வெறுமையாகி, காவலாளி ஒரு கதவைச் சாத்தியபிறகுதான் சைக்கிள் மணி ஒன்று கிணுங்கியது.

"வந்திட்டன் ரீச்சர்" என்றாள் அற்புதராணி.

அந்தச் சொல்லுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று ரீச்சர் வருசக்கணக்காக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். அது நினைக்கமுன்னமே வாயிலிருந்து வந்துவிட்டது. பார்சலை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, "வந்திட்டியே கிறகோரி? சாப்பிட்டியே?" என்று கேட்டார்.

பெயர் பிழை என்று அற்புதராணி திருத்தவில்லை. பார்சலை வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"இல்லை, இன்னும் சாப்பிடேல்லை" என்றாள்.