லோவெல் ஷ்ராக் பிடித்த சங்கிலி

லோவெல் ஷ்ராகை வாரநாளில் பார்த்தால், இவனுக்கா இவ்வளவு வெறி என்று நம்ப மாட்டீர்கள். பள்ளிப் பேருந்துகளை ரிப்பேர் செய்கிறவன். ஒரு நட்டை முறுக்கிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பான். ஆனால் சனிக்கிழமை எங்கள் ஊர் டர்க்கி ஃபோர்க் கல்லூரி, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறது என்றால் போச்சு, விடிந்ததிலிருந்தே கை கால் பரபரக்கும். அவன் மனைவி ட்வைலா கோஸும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பன்னைத் தட்டில் வைத்தால் நின்றபடியே விழுங்குவான்.

"உக்காந்து தின்னா நம்ம பசங்க தோத்துடுவாங்களா?" என்பாள்.

"எதுக்கு வம்பு? போன வாரம் நின்னுக்கிட்டுத்தானே தின்னேன், ஜெயிச்சாங்கல்ல?"

இருபத்துமூன்று வருடமாக அவனும் நானும் சங்கிலிக் கோஷ்டி. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தை அளக்கும் சங்கிலியின் முன் கம்பு என் கையில். மைதான ஓரத்தில் கிடக்கும் சங்கிலி, குறுக்கே போட்ட எந்த வெள்ளைக் கோட்டின் மேல் வருகிறதோ, அந்தக் கோட்டின் பின்விளிம்புக்கு நேராக ஒரு கிளிப்பை மாட்டி வைப்பது லோவெல் வேலை. சங்கிலியை மைதானத்துக்குள் தூக்கிப்போய் அளக்கும்போது நடுவர் அந்தக் கிளிப்பை அதே விளிம்பில் வைப்பார். எதிரணிக்கும் நாங்களே அளப்பதால் கோஷ்டிக்காரன் கத்தக்கூடாது, கைகூடத் தட்டக்கூடாது. லோவெல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அதிலும் இந்த சீசன்! முப்பத்தொரு வருடமாகக் கோப்பையின் வாசனையே அறியாத எங்கள் பையன்கள் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தார்கள். முதல் இரண்டை அதிர்ஷ்டம் என்றோம். ஐந்தாவதற்குப் பிறகு கல்யாணத் தேதிகளையே ஊரில் தள்ளி வைத்தார்கள். கடைசி ஆட்டம் கேஸ்வெல் கல்லூரியோடு. ஜெயித்தவர்களுக்குக் கோப்பை.

அன்று காலையிலேயே கேஸ்வெல் பயிற்சியாளர் ஹால்வர்சன் எங்களைப் பார்த்து இளித்தார்.

"என்னப்பா, நாங்க பந்து வச்சிருந்தா மட்டும் உங்க ஊரு சங்கிலி நீளமாயிடுமாமே?"

லோவெல் காது சிவந்தது. 

ஆட்டம் முடிய மூன்று நிமிடம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். இன்னொரு பத்து கெஜம் போய்விட்டால் மிச்ச நேரத்தை நாங்களே ஓட்டித் தீர்த்துவிடலாம். நாலாவது முயற்சியில் எங்கள் பையன் பந்தோடு கூட்டத்துக்குள் பாய்ந்து விழுந்தான். நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார். கிளிப்பைக் கோட்டில் வைத்தார், நான் கம்பை இழுத்து ஊன்றினேன். பந்து கம்பைத் தாண்டி இரண்டு விரல்கடை! அரங்கமே எழுந்து ஆடியது. எனக்கும் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

லோவெல் மட்டும் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு நிமிஷம். பரபரப்புல நான் இதை முன்விளிம்புக்கு மாட்டிட்டேன். நீங்க பின்விளிம்புல வச்சிருக்கீங்க."

"நிச்சயமா?"

"நான்தானே மாட்டினேன்."

கோட்டின் அகலம் நாலு அங்குலம். கிளிப்பை முன்விளிம்புக்கு நகர்த்தி மறுபடி அளந்தார்கள். என் கம்பும் அதே நாலு அங்குலம் முன்னால் போனது. பந்து எட்டவில்லை. கேஸ்வெலுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊர் ஜனங்கள் அவனைத் திட்டிய திட்டை எழுத முடியாது. நானும் விடவில்லை. "இருபத்துமூணு வருஷமா வாயே திறக்காதவனுக்கு இன்னைக்கா பேச்சு வரணும்?"

"பேசாதே ஆர்டித். கம்பைப் பிடி," என்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. கோப்பை போனால் இந்த ஊரில் இவன் எப்படித் தலைகாட்டுவான் என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கேஸ்வெல் திமுதிமுவென்று முன்னேறியது. இருபது கெஜம், முப்பது, நாற்பது. கடைசியில் அவர்களுக்கும் நாலாவது முயற்சி வந்தது. இருபத்தொரு வினாடி மிச்சம். அவர்கள் ஆள் முட்டி மோதி விழுந்தான். மறுபடி சங்கிலி.

இந்தத் தடவை லோவெல் கிளிப்பை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினான். நான் கம்பை ஊன்றினேன். கம்புக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. எட்டவில்லை! பந்து எங்களுக்கு, கோப்பையும்தான்.

கேஸ்வெல் பையன்கள் பாய்ந்து வந்தார்கள். "ஏமாத்துறாங்க சார்! இவங்க ஊரு ஆளுங்க! திரும்ப அளக்கச் சொல்லுங்க!"

ஹால்வர்சன் உள்ளே வந்தார். பந்தைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், பிறகு லோவெலை நெடுநேரம் பார்த்தார்.

"வாங்கடா போகலாம்," என்றார் பையன்களிடம். "இந்த ஆளு அளந்ததைத் திரும்ப அளக்க வேண்டியதில்லை."