மீசையை எடுத்தது யார்?

கதவைத் திறப்பதற்கு முன் அதில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே கீச்சுச் சத்தம் மட்டும்தான் என்று உறுதியான பிறகே சாவி திரும்பும். ஆராய்ச்சிக் கூடத்தின் எலி அறைக்கு அவர்தான் பொறுப்பாளர். அவர் இல்லாதபோது எல்லோரும் அவரைக் ‘கேமரா அண்ணன்’ என்பார்கள். அது அவருக்குத் தெரியும். முதலில் அந்தப் பெயரை வைத்தது யார் என்றுதான் இன்னும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினால், “என்ன விஷயம்?” என்று தலையைத் தூக்குவார். “பாசமா சோறு போட்டாக்கூட விசாரணைக் கமிஷன்தான்” என்று அந்த அம்மாள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிடுவார்.

எலிகளுக்கு மட்டும் இந்தக் குணத்தால் நன்மை. சென்ட் பூசி வருபவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். யாராவது வாளியை டங்கென்று வைத்தால் தொலைந்தார்கள். “அதுங்க மிரண்டா சாப்பிடாது, பெத்த குட்டியையே கடிச்சுப் போடும். நீயா வந்து பதில் சொல்லுவே?”

அப்படிப்பட்டவரின் அறையில் எலிகளுக்கு மீசை காணாமல் போயிற்று. கடைசி வரிசையில் ஒரு கூண்டு. அதில் ஐந்து வெள்ளைச் சுண்டெலிகள். நான்கின் மூஞ்சி மழமழவென்று இருந்தது. ரத்தமில்லை, காயமில்லை, கத்தரி வைத்து நறுக்கினாற்போல. தப்பித்த ஐந்தாவதன்மேல் அவருக்குத் தனி இரக்கம்.

கூண்டு துடைக்கப் புதிதாகச் சேர்ந்த பெண், முன்பு அழகு நிலையத்தில் புருவம் திருத்தியவள். போதாதா?

“பார்லர்ல பழகின கை, சும்மா இருக்க மாட்டேங்குதோ?”

அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வற்றியது. “எலிக்கு மீசை எடுத்து எந்தக் கல்யாணத்துக்கு சார் அனுப்பப் போறேன்? இந்த வேலையை நம்பித்தான் அம்மாவை என்கூட வெச்சிருக்கேன்.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் அம்மாவைத்தான் இழுப்பாங்க.”

அவளைப் பின்கட்டில் கூண்டு கழுவப் போட்டார். வேலையை விட்டே அனுப்பும்படி மேலாளரிடமும் சொல்லி வைத்தார்.

அவள் பின்கட்டுக்குப் போன பிறகும் எலிகளின் வழுக்கை நெற்றிவரை ஏறியது. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எலி வேலைண்ணே. வெறும் கூண்டுல அடைச்சு வெச்சா, பொழுது போகாம ஒண்ணு மத்ததோட முடியைப் பிடுங்கும்.”

“எலிக்கு எலி சவரம் பண்ணுதா? யார் காதுல பூ சுத்துறீங்க டாக்டரம்மா?” அந்தப் பெண்ணுக்கும் டாக்டருக்கும் ஏதாவது உறவு இருக்குமோ என்றுகூட விசாரித்துப் பார்த்தார்.

எலிகள் இருட்டில்தான் நடமாடும் என்பதால், அந்த அறையில் ஆராய்ச்சிக்காகப் பகலைத்தான் இருட்டாக்கி வைத்திருந்தார்கள். தானே பார்த்துவிடுவதென்று மங்கிய சிவப்பு விளக்கில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். எலிகள் முதலில் உறைந்து நின்றன. அப்புறம் அவரை மறந்தன. முழு மீசைக்காரன் எழுந்து வந்தான். பக்கத்திலிருந்ததன் கழுத்தை முன்னங்கால்களால் அமுக்கி, நெற்றி முடியை ஒவ்வொன்றாகப் பற்களால் பிடுங்கினான். பிடிபட்டது திமிறவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தது.

அந்தக் குனிந்த தலையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து, தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, இரண்டு அட்டைக் குழாய்களோடு கூண்டுக்குள் போட்டார். முழு மீசைக்காரன் உடனே ஒரு கீற்றைக் கவ்வி இழுத்துக் கூடு கட்டத் தொடங்கினான்.

மேலாளரிடம் போய், “அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு பின்கட்டுக்குப் போனார். அவள் முழங்கைவரை சோப்பு நுரையில் நின்றிருந்தாள். கையை நீட்டி அவளிடமிருந்த பிரஷை வாங்கினார்.

“நான் கழுவறதுலயும் சந்தேகமா சார்?”

அவர் எலி அறைக்குப் போகும்படி முகவாயால் காட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அவள் பாதியில் விட்ட கூண்டைத் தேய்க்கத் தொடங்கினார்.