யான்புவிலிருந்து ஒரு கருத்து

சவூதியின் யான்பு நகரில் ரசாயன ஆலையொன்றில் பைப் ஃபிட்டரான முனியசாமி, போனைக் காவலாளியிடம் ஒப்படைக்காமல் வாசலிலேயே நின்றான். போனோடு உள்ளே போனால் வேலை போய்விடும்.

போனில் அவன் மனைவி உமாராணி. ஊரில் வரப்போகும் ரசாயன ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், இரண்டு மணி நேரம் காத்திருந்து மைக்கைப் பிடித்திருந்தாள். சற்றுமுன்தான் ஓர் அதிகாரி, வாடையே வராது, ஆபத்தே கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசியிருந்தார். ஏதோ ஊதுபத்தி கம்பெனி திறக்கப் போகிற மாதிரி!

"முனி பாய், ஜல்தி!" ஃபோர்மேன் உள்ளிருந்து கத்தினார்.

உமாராணி போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். முனியசாமி பேசினான்.

"சார், இதே மாதிரி பிளாண்ட்லதான் பதினோரு வருசமா வேலை பாக்குறேன். சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் மொத நாளே எங்கள உள்ள விட்டாங்க. நீங்க கட்டுற எடத்துக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கு. அந்தப் பிள்ளைக எந்தப் பக்கம் ஓடும்?"

அதிகாரியின் குரல் கேட்டது. "நேர்ல வராதவங்க பேசுறதைப் பதிவு பண்ண முடியாதும்மா."

காவலாளி கையை நீட்டினார்.

"நான் நேர்லதான சார் வந்திருக்கேன்?" உமாராணியின் குரல் உயர்ந்தது. "அப்ப நான் கேக்குறேன், எழுதுங்க. சைரன் அடிச்சா..."

அழைப்பைத் துண்டிக்காமலேயே போனைக் காவலாளியின் பெட்டியில் வைத்துவிட்டு முனியசாமி உள்ளே ஓடினான். மூடிய பெட்டிக்குள் உமாராணி பேசிக்கொண்டே இருந்தாள்.